மழைக்கு அந்தப் பக்கம் ஒரு தீவு

ஆடி மாதம் மலையகத்து றொசல்லவில் மழை விடாது. அதே நாட்களில் நிலாவெளிக் கடல் அலையடங்கிக் கிடக்கும். மலையிலிருந்து இராத்திரியோடு இராத்திரியாகப் புறப்பட்டு, புறாத்தீவில் ஒரு பகலைக் கழித்துவிட்டுத் திரும்பும் தோட்டத்து மக்களின் கோடைப் பயணம் பற்றியும், அந்தப் பயணம் நம் பேரப்பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்பது பற்றியும் ஒரு சிறப்புப் பார்வை.

ஓகஸ்ட் லீவு நெருங்கினால் லயத்து வாசல்களில் ஒரே பேச்சுத்தான்: "இந்த வருஷம் ட்ரிப் எங்க?" கதிர்காமம் என்பார் ஒருவர். மடு என்பார் இன்னொருவர். இளந்தாரிகள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது திருகோணமலை. அவர்கள் மனதில் இருப்பது கோணேசர் கோயில் மட்டுமில்லை, நிலாவெளிக்கு எதிரே கடலில் நிற்கும் புறாத்தீவும்தான். கைபேசியில் யாரோ அனுப்பிய படத்தில் கண்ணாடித் தண்ணீரும் அதற்குள் மீன் கூட்டமும் தெரியும். கொட்டும் மழையில் படங்கைக் கட்டிக்கொண்டு, காலில் அட்டையைத் தட்டிவிட்டபடி மலை ஏறுகிறவர்களுக்கு அந்தப் படமே பாதி வெயில்.

ஒரே காற்று, இரண்டு வானிலை

றொசல்லவுக்கும் நிலாவெளிக்கும் இடையில் சாலை வழியாகச் சுமார் 250 கிலோமீற்றர். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை இரண்டு ஊருக்கும் வானிலையைத் தீர்மானிப்பது ஒரே காற்றுத்தான்.

தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதுகிறது. மேலே ஏறும் காற்று குளிர்ந்து, சுமந்து வந்ததை எல்லாம் கொட்டிவிடுகிறது. கினிகத்தேனை, வட்டவளை, றொசல்ல என்று இந்த வரிசை முழுவதும் அதற்கு நேர் எதிரே நிற்கிறது. வட்டவளையின் சராசரி மழை ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல். இலங்கையில் அதிகம் நனையும் இடங்களில் இதுவும் ஒன்று. துணி காயாத மாதங்கள், அடுப்பு மூட்ட ஈர விறகோடு போராடும் காலைகள், மண் சரியுமோ என்று கண் மூடாத இரவுகள் எல்லாம் இந்தக் காற்று நமக்குத் தருபவை. நல்ல கொழுந்தைத் தருவதும் இதுவே.

ஈரத்தை இழந்த அந்தக் காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது சூடேறி, வறண்டு போகிறது. கிழக்கு மாகாணத்தில் அதைக் கச்சான் காற்று என்பார்கள். அங்கே வயல் வெடிக்கும், குளம் வற்றும். ஆனால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் அலை அடங்கிவிடும், தண்ணீர் தெளிந்துவிடும். திருகோணமலைக்கு மழை ஒக்டோபருக்குப் பிறகுதான் வரும். வடகீழ்ப் பருவம் பிடித்துவிட்டால் நிலாவெளியில் கடல் கொந்தளிக்கும், தீவுக்குப் படகு விடுவதும் கடினம். ஆகவே நாம் நனையும் மாதங்கள்தான் புறாத்தீவின் கோடை. மலைநாட்டு மழைக்கும் கிழக்குக் கரை வெயிலுக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது.

இராத்திரி பஸ்

பயணத்துக்கான ஏற்பாடு மாதக் கணக்கில் நடக்கும். ஒரு பொறுப்பான அண்ணன் பெயர்ப் பட்டியல் எழுதுவார். சம்பளத்துக்குச் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேரும். பெரியவருக்கு இவ்வளவு, பிள்ளைக்குப் பாதி, மடியில் இருக்கும் குழந்தைக்கு இல்லை என்று கணக்கு. பஸ்ஸைப் பேசுவார்கள். வெள்ளி அல்லது சனி இரவு பஸ் வந்து நிற்கும்போது பெரிய சட்டி, அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன், பாய், பூசைத் தட்டு எல்லாம் ஏறும். ரொட்டியும் கட்டுச் சம்பலும் தனியாகப் பொதி கட்டியிருக்கும். முன் கண்ணாடிக்குக் கீழே தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்த பிறகே டிரைவர் ஸ்டார்ட் பண்ணுவார்.

கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய், திருகோணமலை. இந்த வரிசையைச் சொல்லும்போதே நம் கதை முழுவதும் அதில் இருப்பது தெரியும். கம்பளைக்குப் பக்கத்துச் சிங்ஹாபிட்டியில்தான் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் 1820-களில் காப்பித் தோட்டம் போட்டார். மலையகத்தின் தோட்டத் தொழில் அங்கிருந்துதான் வேர் விட்டது. அந்தக் காப்பிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து, மன்னார்த் தீவில் கரையேறி, காட்டு வழியே தம்புள்ளையைத் தொட்டு மாத்தளை வரை நடந்தார்கள். பசியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 2023-இல், மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் திரும்பவும் நடந்தார்கள். அதுவும் ஏறத்தாழ 250 கிலோமீற்றர்தான்.

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் நம் பஸ் ஓடுவது அந்த மக்கள் நடந்து வந்த வழியில், எதிர்த் திசையில். முன்னோர் கடலைக் கண்டது வேலை தேடி வந்த அன்று, பயத்தோடு. திரும்பிப் போய் அதைப் பார்க்க அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வாய்க்கவில்லை. மலையிலேயே பிறந்து, மலையிலேயே கொழுந்து பறித்து, கடலையே பார்க்காமல் கண்மூடிய பாட்டிமார் எத்தனையோ பேர். இன்று அவர்களுடைய பேத்தி பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு அதே சாலையில் கடல் பார்க்கப் போகிறாள். இதைச் சின்ன விஷயமாக யாரும் எண்ணக் கூடாது. ஒரு சமூகம் உழைப்பதற்கு மட்டும் பிறந்ததல்ல என்பதற்கு அந்த பஸ்ஸின் சத்தமே சாட்சி.

ஹபரணை தாண்டினால் சத்தம் அடங்கும். டிரைவர் வேகத்தைக் குறைப்பார். சாலையோரம் யானை நிற்கும் காடு அது. கந்தளாயில் பொழுது புலரும். திருகோணமலையில் இறங்கிக் கோணேசரைக் கும்பிட்டு, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் வாளி வாளியாக மொண்டு குளித்து, பத்து மணிக்குள் நிலாவெளி.

புறாமலை

நிலாவெளிக் கரையில் நின்றால் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் பாறையும் பற்றையுமாக இரண்டு மேடுகள் தெரியும். பெரியதும் சின்னதுமான அவ்விரண்டும் சேர்ந்ததே புறாத்தீவு. ஊரார் புறாமலை என்பார்கள். பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் வந்த பெயர். நம் கோயில் கோபுரங்களிலும் பட்டணத்துக் கட்டடங்களிலும் காணும் புறாவின் காட்டு உறவு அது. இலங்கையில் அது இயற்கையாகக் கூடு கட்டும் இடங்கள் மிகக் குறைவு. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் தீவைத் துப்பாக்கிப் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். 1963-இல் அது சரணாலயமானது. 2003-இல் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 471 ஹெக்டேயர் பரப்பில் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஹிக்கடுவையைப் போல இதுவும் ஒரு கடல் தேசியப் பூங்கா.

பெயர் பெரிது, நிலம் சின்னது. பெரிய தீவின் நீளம் சுமார் 200 மீற்றர், அகலம் சுமார் 100 மீற்றர். ஒரு தோட்டப் பாடசாலை மைதானத்தைச் சுற்றி வரும் நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். யுத்தக் காலத்தில் அந்தப் பக்கம் போவது எளிதாக இருக்கவில்லை. 2004 டிசெம்பர் 26-ஆம் திகதி சுனாமி நிலாவெளியை அடித்துப் போட்டது. 2009-க்குப் பிறகு பாதை திறந்தது. நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் பஸ்கள் வரத் தொடங்கின.

கரையில் வனசீவராசிகள் திணைக்களத்தின் கருமபீடத்தில் டிக்கெட் எடுக்க வேண்டும். படகுக்குத் தனிக் கூலி. உயிர்காப்பு அங்கியைப் போட்டுவிடும்போது மலையிலிருந்து வந்த அக்காமார் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். படகு கிளம்பியதும் சிரிப்பு நின்றுவிடும், முருகன் பெயர் வரும். தீவில் கால் வைக்கும்போது முதலில் தெரிவது மணல் அல்ல. விரல் விரலாக, கணு கணுவாக வெளுத்துக் கிடக்கும் முருகைக்கல் துண்டுகள். நடக்கும்போது காலடியில் சலசலவென்று உடைந்த பீங்கான் சத்தம் கேட்கும்.

கடல் இடுப்பளவு. வாடகைக்கு எடுத்த கண்ணாடியை முகத்தில் மாட்டி, மூச்சுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிய வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள்தான் நம்மில் அதிகம். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, மகனுடைய கையை இறுகப் பிடித்தபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கிறாள். பதறி வெளியே எடுக்கிறாள். இருமுகிறாள். இரண்டாம் தடவை வைக்கிறாள். இந்தத் தடவை எடுக்கவில்லை. முதுகு அசையாமல் அப்படியே நிற்கிறது. கீழே மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட மீன்கள் அவள் முழங்காலைச் சுற்றி வருகின்றன. நீலமும் பச்சையுமான கிளிமீன் ஒன்று கல்லைக் கடிக்கும் சத்தம் கறுக், கறுக் என்று தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கிறது. அவள் எழும்போது முதலில் சொல்வது, "இன்னொரு தடவ பாக்குறேன்டா."

தீவின் மறுபக்கம் ஆழம் குறைந்த நீரில் துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் வரும். மனிதரைக் கண்டால் விலகிப் போகும் இனம். ஆமையும் வரும். நூறுக்கும் மேற்பட்ட முருகை இனங்களும் முந்நூறளவு மீனினங்களும் இந்தச் சிறிய கடற்பரப்பில் பதிவாகியிருக்கின்றன.

கல் அல்ல, குடியிருப்பு

முருகைக்கல்லை நாம் கல் என்கிறோம். அது உயிர். ஒரு சில மில்லிமீற்றர் அளவுள்ள மென்மையான பிராணிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து கடல் நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துத் தங்களுக்குச் சுவர் எழுப்பிக்கொள்கின்றன. ஒன்றின் சுவர் அடுத்ததற்கும் சுவர். நம் லயங்களில் காம்பராவை ஒட்டிக் காம்பராவாகக் குடும்பங்கள் இருப்பது போலத்தான். ஒரு மூலையில் கூரை சரிந்தால் அது வரிசை முழுவதையும் தொடும்.

ஒவ்வொரு பிராணியின் உடம்புக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. சூரிய ஒளியில் அந்தப் பாசி சமைக்கும் உணவில்தான் முருகையின் பிழைப்பு பெரும்பாலும் நடக்கிறது. நிறத்தைத் தருவதும் அந்தப் பாசிதான். கடல் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் அளவு கூடிச் சில வாரம் நீடித்தாலே போதும், முருகை பாசியை வெளியே தள்ளிவிடும். பிறகு வெளுத்து நிற்கும். சீக்கிரம் சூடு தணிந்தால் மீளும். தணியாவிட்டால் பட்டினியால் சாகும். 1998-இல் உலகெங்கும் முருகைகள் வெளுத்தபோது இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகளில் பேரழிவு நடந்தது. திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அதனால்தான் புறாத்தீவின் அருமை கூடியது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். கடல் சூடேறுவதைத் தீவுக்குப் போகும் ஒரு பஸ்ஸால் தடுக்க முடியாது. ஆனால் காய்ச்சலில் கிடப்பவர் மீது ஏறி மிதிக்காமல் இருக்க முடியும்.

மிதிப்பதுதான் அங்கே நடக்கிறது. தண்ணீருக்குள் தடுமாறுகிறவர் கால் ஊன்றத் தேடும்போது அகப்படுவது முருகை. மான்கொம்பு வடிவில் கிளைவிடும் இனம் நல்ல கடலில் ஆண்டுக்குப் பத்து, இருபது சென்ரிமீற்றர் வளரும். உருண்டையாகத் திரளும் இனம் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்வதே பெரிது. றொசல்லவில் பிறந்த ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதுக்கு வரும்வரை வளர்ந்த கல்லை ஒரு குதிகால் ஒரு நொடியில் உடைத்துவிடும். படகுக்காரர்கள் தொண்டை வறளக் கத்துவார்கள்: "தங்கச்சி, கல்லில ஏறாதேங்கோ! மணல்ல நில்லுங்கோ!" பாட்டுச் சத்தத்திலும் கூச்சலிலும் அது கேட்காது.

கரையில் கிடக்கும் துண்டையும் விட்டுவைப்பதில்லை. அழகாக இருக்கிறதே என்று பிள்ளைகள் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். அது செத்த கல்தானே என்று தோன்றும். அந்தத் துண்டுகளே பொடிந்து மணலாகின்றன. கிளிமீன் கடித்து அரைத்துக் கழிப்பதும் மணலாகிறது. பெரிய கிளிமீன் இனங்களில் ஒரு மீன் ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோ மணலை இப்படி உண்டாக்கும். ஆளுக்கு ஒரு துண்டு என்றால் தீவு தன் கரையை இழக்கும். தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுத்துச் செல்வது சட்டப்படியும் குற்றம்.

பிரான்ஸ் என்ன செய்தது?

திருகோணமலைக் கடலுக்குப் பிரெஞ்சுக்காரர் பழையவர்கள். 1672-இல் டி லா ஹே என்ற தளபதியின் கப்பற்படை கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. ஒல்லாந்தரை விரட்டத் துணை தேடிய கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் அவர்களுக்கு இடம் கொடுத்தான். சில மாதங்களிலேயே ஒல்லாந்தர் அவர்களை வெளியேற்றினார்கள். 1782 ஓகஸ்டில் சுஃப்ரன் என்ற பிரெஞ்சுத் தளபதி ஆங்கிலேயரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார். பிறகு சமாதான உடன்படிக்கையின்படி அது ஒல்லாந்தர் கைக்குத் திரும்பியது.

இன்று நாம் பிரான்ஸிடம் கேட்டறிய வேண்டியது வேறு: தீவு தாங்காத கூட்டத்தை எப்படிக் கையாள்வது என்பது. தீவுகளுக்கு ஒருநாள் பயணம் போவது அந்த நாட்டின் கோடைப் பழக்கம். மத்தியதரைக் கடலில் இயேர் நகருக்கு எதிரே போர்க்கெரோல் என்று ஒரு தீவு. ஏழு கிலோமீற்றர் நீளம். கரையிலிருந்து படகில் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். காலையில் போய், சைக்கிள் ஓட்டி, குளித்து, மாலையில் திரும்புவார்கள். 1912-இல் ஒரு செல்வந்தர் மனைவிக்குக் கல்யாணப் பரிசாக வாங்கிய தீவு அது. கட்டடங்கள் எழும்பிக் கெட்டுப் போகும் என்று பயந்து 1971-இல் பிரெஞ்சு அரசே அதன் பெரும் பகுதியை வாங்கியது. அயல் தீவான போர்-க்ரோவை மையமாகக் கொண்ட தேசியப் பூங்கா இப்போது அதையும் பாதுகாக்கிறது. அந்தப் பூங்கா தொடங்கியது 1963-இல். நம் புறாத்தீவு சரணாலயமான அதே ஆண்டு.

போர்க்கெரோலிலும் கூட்டம் அளவு மீறியது. கோடை உச்சத்தில் ஒரே நாளில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் இறங்கினார்கள். 2021 முதல் படகுக் கம்பெனிகளோடு பேசி நாளொன்றுக்கு 6,000 பேர் என்று எல்லை வகுத்தார்கள். பிரான்ஸின் வடமேற்கே பிரிட்டனிக் கரையில் பிரேயா என்று இன்னொரு சின்னத் தீவு. நிரந்தரமாக வசிப்பவர்கள் நானூறு பேர் கூட இல்லை. 2023 கோடையில் அங்கே வார நாட்களில் நாளொன்றுக்கு 4,700 பேர் என்று வரம்பு போட்டார்கள். இரண்டு இடத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டத்தைக் குறைக்க அவர்கள் பிடித்தது தலைகளின் எண்ணிக்கையை. பணப்பையின் கனத்தைப் பார்த்து ஆள் பிரிக்கவில்லை.

இது நமக்கு உயிரான விஷயம். ஒரு இடம் கெடுகிறது என்றால் அதிகாரிகளுக்கு முதலில் தோன்றும் வழி டிக்கெட் விலையைக் கூட்டுவது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயானது 2024 செப்டெம்பரில்தான், அதுவும் எத்தனையோ ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு. தோட்டச் சம்பளத்தில் சேர்த்த காசில் வருகிறவர்களை விலை ஒன்றே வாசலில் நிறுத்திவிடும். ஹோட்டலில் தங்கி வருகிறவருக்கு அது சில்லறைக் காசு. கல்லை மிதிப்பதில் ஏழைக் கால், பணக்காரக் கால் என்று வித்தியாசம் இல்லை. ஆகவே விலையை உயர்த்துவதால் கடல் தப்பாது, நாம் மட்டும் விலக்கப்படுவோம்.

நம் ஓடை போய்ச் சேரும் இடம்

"நாங்க வருஷத்துக்கு ஒரு நாள் போறவங்க, எங்களால என்ன கெட்டுப் போகும்?" என்று கேட்கலாம். றொசல்லவின் ஓடைகளைப் பார்த்தால் விடை கிடைக்கும். நம் மலையில் விழும் மழை ஹட்டன் ஓயாவில் சேர்ந்து நாவலப்பிட்டிப் பக்கம் இறங்கி மகாவலியாகிறது. ரயில் பாதையில் வட்டவளைக்கும் கலபொடைக்கும் இடையில் ஜன்னலோரம் கூடவே ஓடி வரும் தண்ணீர் அது. கம்பளை, கண்டி தாண்டி, பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தெம்பே அணைகளில் தங்கி, மின்சாரம் தந்து, வயல் நனைத்து, 335 கிலோமீற்றர் ஓடி, மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. குடாவின் வட கரையில் திருகோணமலை நகரம். நகரத்திலிருந்து வடக்கே பதினைந்து கிலோமீற்றரில் நிலாவெளி.

ஆக, பஸ் போகும் முன்பே நம் தண்ணீர் திருகோணமலைக்குப் போய்விடுகிறது. லயத்துக்குப் பின்னால் கானில் எறிந்த ஷாம்பூப் பைக்கற்று, தேயிலைக்குப் போட்டு மழையில் கரைந்த உரம், மரம் வெட்டிய சரிவிலிருந்து கழுவிப்போன மண் எல்லாம் அந்தப் பாதையில்தான் இறங்குகின்றன. அணைகளில் ஒரு பகுதி தேங்கும், மீதி கடலை நோக்கிப் போகும். குப்பை அள்ளும் ஏற்பாடு இல்லாத தோட்டங்களில் மக்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நகரத்துக்கு வரும் குப்பை லொறி லயத்துக்கும் வர வேண்டும். பிரதேச சபையும் தோட்ட நிர்வாகமும் இது என் வேலையா, உன் வேலையா என்று ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருக்கும் வரை கான் வழியே எல்லாம் ஆற்றுக்குத்தான் போகும்.

உறவும் அந்தப் பக்கம் இருக்கிறது. 1977, 1983 கலவரங்களில் மலையை விட்டு ஓடியவர்கள் வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலை மாவட்டங்களில் குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று அந்த மண்ணின் மக்கள். கந்தளாயைத் தாண்டியதும் யாரோ ஒருவருடைய மாமா வீடு, சித்தி வீடு என்று பஸ்ஸில் பேச்சு எழும். திருகோணமலை நமக்கு வேற்றூர் இல்லை.

போகிறவர்கள் கவனத்துக்கு

மே முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். ஓகஸ்ட் லீவிலும் நீண்ட வார இறுதியிலும் கூட்டம் நெரியும், முடிந்தால் பாடசாலை நடக்கும் வாரங்களில் போங்கள். காலை முதல் படகுகளைப் பிடியுங்கள். நண்பகலுக்குப் பிறகு காற்று எழும், தண்ணீர் கலங்கும்.

சோற்றுப் பொதியையும் சட்டியையும் கரையில் பஸ்ஸோடு விடுங்கள். தீவுக்குத் தண்ணீரை மட்டும், திரும்பப் பயன்படுத்தும் போத்தலில் கொண்டு போங்கள். லஞ்ச் சீட், பிஸ்கற் உறை எதுவும் படகில் ஏற வேண்டாம். மீனுக்குப் பாணும் சோறும் போடாதீர்கள். அது அவற்றின் உணவில்லை.

நீச்சல் தெரியாதவர்கள் உயிர்காப்பு அங்கியைக் கழற்றாமல், மணல் தெரியும் இடத்தில் நின்று குனிந்து பாருங்கள். அங்கே நின்றாலே மீன் உங்களைத் தேடி வரும். கால் தடுமாறினால் மல்லாந்து மிதவுங்கள், கல்லில் ஊன்றாதீர்கள். குடித்துவிட்டுக் கடலில் இறங்குகிறவரைக் கூட்டத்தில் இருப்பவர்களே கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

பெயர்ப் பட்டியல் எழுதும் அண்ணன் இன்னொரு வேலையும் செய்யலாம். நிலாவெளியில் இறங்கும் முன் பஸ்ஸுக்குள்ளேயே பாட்டை நிறுத்தி, முருகை என்றால் என்ன என்று பத்து நிமிடம் சொல்லட்டும். படகுக்காரர் கடலில் கத்தினால் கேட்காதது பஸ்ஸில் கேட்கும்.

எண்ணிக்கை வேண்டும், இடமும் வேண்டும்

வனசீவராசிகள் திணைக்களத்திடம் நாம் கேட்க வேண்டியது தெளிவானது. தீவு எத்தனை பேரைத் தாங்கும் என்பதை விஞ்ஞானிகளோடு கணித்து, அந்த எண்ணிக்கையைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். நேரப்படி குழு குழுவாக அனுப்ப வேண்டும். 250 கிலோமீற்றர் இரவு முழுவதும் பயணம் செய்து வருகிறவர்கள் வாசலில் திரும்பாதபடி, தமிழிலும் சிங்களத்திலும் தொலைபேசியில் முன்பதிவு செய்யும் வசதி இருக்க வேண்டும். வங்கி அட்டை இல்லாதவருக்கும் அது எட்ட வேண்டும். தோட்டப் பாடசாலைகளுக்கு ஒவ்வொரு பருவத்திலும் ஒதுக்கப்பட்ட நாட்கள் வேண்டும். படகோட்டிகளுக்கு வழிகாட்டிப் பயிற்சியும் அதற்கேற்ற கூலியும் வேண்டும். ஆள் குறைந்தால் அவர்கள் வருமானம் குறையாமலிருக்கும் வழி அதுதான்.

நம்மிடம் நாமே கேட்க வேண்டியதும் உண்டு. இருநூறு ஆண்டுகளாக இந்த நாட்டின் பச்சை மலைகளை வளர்த்துக் காத்தவர்கள் நாம். எந்தக் கிளையைக் கவ்வாத்து வெட்டலாம், எந்தத் தளிரைத் தொடக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் விரல்கள் நம்முடையவை. செடி ஒன்றைப் பார்த்தே அதன் வயதும் நோயும் சொல்லும் மக்களுக்கு, கடலுக்கடியில் வளரும் உயிரின் அருமையை விளக்குவது கடினமில்லை. சொல்லிக் கொடுக்க ஆள்தான் வேண்டும். தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் ஓகஸ்ட் லீவுக்கு முன் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கினால் போதும். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து பெற்றோருக்குச் சொல்லுவார்கள்.

கோடைப் பயணம் உழைக்கும் மக்களின் உரிமை. ஓய்வும் வெயிலும் கடலும் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. அந்த உரிமையை நாம் முழுமையாக அனுபவிக்க வேண்டும். நாம் அனுபவித்த பிறகும் தீவு தீவாக இருக்க வேண்டும். இந்த ஆண்டு பெயர்ப் பட்டியல் எழுதத் தொடங்கும் தோட்டங்கள் எல்லாம் இதை முதல் வரியில் எழுதிவிட்டுப் பெயர்களை எழுதட்டும்: கல்லில் ஏற மாட்டோம், எதையும் எடுத்து வர மாட்டோம், எதையும் விட்டு வர மாட்டோம். அப்படிப் போகிற கூட்டத்தை விலையைக் காட்டி வாசலில் நிறுத்த எவருக்கும் நியாயம் இருக்காது.